மாடலருக்கு எந்த ஆம்ப், எந்த ஸ்பீக்கர்?

"அண்ணா, வீட்ல ஹெட்போன்ல கேட்டப்ப அவ்ளோ நல்லா இருந்துச்சு. இங்க ஏன் இப்படி அடைச்சுக் கேக்குது?"

எங்கள் ஒத்திகை அறைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவன் கேட்டது. தோளில் கிட்டார், கையில் அப்போதுதான் வாங்கிய ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் என்ற மாடலர்; ஆம்ப், எஃபெக்ட், ஸ்பீக்கர் எல்லாவற்றின் ஒலியையும் டிஜிட்டலாக உருவாக்கும் சின்னப் பெட்டி. அதை அறையில் கிடந்த காம்போ ஆம்பின் (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) முன்பக்க இன்புட்டில் செருகியிருந்தான். கம்பளிக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி வந்தது சத்தம். ஜாக்கை உருவி, ஆம்பின் பின்பக்கம் 'ரிட்டர்ன்' என்று எழுதியிருந்த இடத்தில் செருகினேன். கொஞ்சம் தெளிந்தது. பிறகு அவனுடைய பேட்சில், அதாவது மாடலரில் சேமித்து வைத்த டோன் அமைப்பில், இருந்த கேப் பிளாக்கை (ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் பகுதியை) அணைக்கச் சொன்னேன். அடுத்த கார்டை அடித்தவன் கையை அப்படியே தந்திமேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். கிட்டார், ஆம்ப், ஸ்பீக்கர் எதுவும் மாறவில்லை. ஐந்து நிமிடத்துக்குள் மூன்று விதமான சத்தம்.

மாடலர் வாங்கும்போது மாதக்கணக்கில் வீடியோ பார்த்து ஆராய்கிறோம். அதை எதில் போட்டுக் கேட்கப்போகிறோம் என்பதை மட்டும் கடைசி நேரத்தில், மிச்சமிருக்கும் பணத்தில் முடிவு செய்கிறோம். புதிதாக வருபவர்களுக்கு என் வேண்டுகோள்: எத்தனை வாட்ஸ், எத்தனை அங்குலம் என்று கடைக்காரரிடம் கேட்பதற்கு முன்னால், கேபினெட்டின், அதாவது கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியின், வேலையை யார் செய்யப்போவது என்று முடிவு செய்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

கேபினெட் என்ன வேலை செய்கிறது?

பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர், வந்ததை வந்தபடி ஒலிக்க முயலும். கிட்டார் ஸ்பீக்கர் அப்படியில்லை. ராக் வாசிப்பவர்கள் பெரிதும் விரும்பும் செலஸ்டியன் விண்டேஜ் 30-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எல்லை 70 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேல் ஒலி வேகமாகச் சரிந்துவிடும். டிஸ்டார்ஷன் ஏற்றிய ஆம்பிலிருந்து வரும் கரகரப்பையெல்லாம் அந்தச் சரிவுதான் வடிகட்டுகிறது. நாம் 'எலக்ட்ரிக் கிட்டார் டோன்' என்று காதில் வைத்திருப்பதில் பாதி, ஸ்பீக்கர் செய்த வடிகட்டல்.

மாடலர் இதையும் தனக்குள்ளேயே செய்கிறது. கேப் சிமுலேஷன், ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்) என்று சொல்வது அதைத்தான். உண்மையான ஒரு கேபினெட்டின் முன்னால் மைக் வைத்து, அது ஒலியை எப்படி மாற்றுகிறது என்பதைப் பதிவு செய்து எடுத்த அச்சு அது. ஹெட்போனில் மாடலர் நன்றாகக் கேட்பதற்குக் காரணமும் அதுதான்.

இப்போது கணக்குப் போடுங்கள். மாடலரும் வடிகட்டி, கிட்டார் ஸ்பீக்கரும் வடிகட்டினால் சத்தம் அடைத்துப்போகும். தம்பிக்கு நடந்தது இதுதான். போதாததற்கு, டோனை வடிவமைக்கும் ஆம்பின் முன்பகுதியான ப்ரீ ஆம்பும் குறுக்கே உட்கார்ந்து தன் பங்குக்குக் குழப்பியது. கேப் பிளாக்கை அணைத்துவிட்டு முழு அலைவரிசை ஸ்பீக்கரில் போட்டால் எதிர்க்கோடி வரும்: டப்பாவுக்குள் தேனீக் கூட்டத்தை அடைத்த மாதிரி ஓர் இரைச்சல். கேபினெட் வேலையை ஒருவர், ஒருவர் மட்டும்தான் செய்ய வேண்டும்.

முதல் படி: வாசிக்கும் இடத்தை எழுதிக்கொள்ளுங்கள்

வீட்டில் மட்டுமா, டிரம்ஸுடன் ஒத்திகையா, மேடையா? ஒரு தாளில் எழுதி, மாதத்தில் எத்தனை நாள் என்று பக்கத்தில் குறியுங்கள். வருடத்துக்கு இரண்டு மேடைக்காகப் பெரிய ஸ்பீக்கர் வாங்கி வீட்டு மூலையில் வைத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு மட்டும் என்றால் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். நல்ல ஹெட்போன் ஒன்று, முடிந்தால் யமஹா ஹெச்எஸ்5 மாதிரி ஒரு ஜோடி ஸ்டுடியோ மானிட்டர். கேப் பிளாக் ஆனில் இருக்கட்டும். ப்ளூடூத் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம். தந்தியைத் தொட்டதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவே தாமதம் விழும். அதில் பழகினால் தாளம் கெடும். ஸ்டுடியோ மானிட்டரை டிரம்ஸ் இருக்கும் அறைக்குத் தூக்கிப் போகாதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக் கேட்பதற்காகச் செய்தது அது; கொண்டுபோய் முழு வால்யூமில் வைத்தால் ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) போய்விடலாம்.

இரண்டாம் படி: பாதையைத் தேர்ந்தெடுங்கள்

முதல் பாதை, எஃப்ஆர்எஃப்ஆர் (ஃபுல் ரேஞ்ச், ஃப்ளாட் ரெஸ்பான்ஸ்). முழு அலைவரிசையையும் ஏற்றத்தாழ்வு இல்லாமல் ஒலிக்கும் பவர்டு ஸ்பீக்கர். ஆம்ப் உள்ளேயே இருக்கும். கேப் பிளாக் எப்போதும் ஆனில். ஹெட்ரஷ் எஃப்ஆர்எஃப்ஆர்-108, 112, 2023-இல் வந்த ஃபெண்டர் டோன் மாஸ்டர் எஃப்ஆர்-10, எஃப்ஆர்-12 போன்றவை கிட்டார்காரர்களுக்கென்றே வந்தவை. யமஹா டிஎக்ஸ்ஆர், க்யூஎஸ்சி கே வரிசை போன்ற சாதாரண பிஏ (மேடை, மண்டப) ஸ்பீக்கர்களும் இதே வேலையை நன்றாகவே செய்யும்.

இரண்டாவது பாதை, பவர் ஆம்பும் (ஒலியை ஸ்பீக்கரை ஓட்டும் அளவுக்குப் பெருக்குவது) கிட்டார் கேபினெட்டும். மாடலரின் கேப் பிளாக் ஆஃப். வடிகட்டும் வேலை நிஜ ஸ்பீக்கருக்கு. சீமோர் டங்கன் பவர்ஸ்டேஜ் 170 மாதிரி பெடல்போர்டிலேயே அடங்கிவிடும் பவர் ஆம்ப்கள் உண்டு. ஏற்கனவே காம்போ ஆம்ப் வைத்திருப்பவர்கள் அதன் எஃபெக்ட்ஸ் ரிட்டர்னில் செருகினாலும் இதே பாதைதான். அப்படிச் செருகும்போது ஆம்பின் ப்ரீ ஆம்ப் விலகிக்கொள்ளும்; பவர் ஆம்பும் ஸ்பீக்கரும் மட்டும் நமக்காக வேலை செய்யும். ஒன்றைக் கவனியுங்கள்: பல ஆம்ப்களில் மாஸ்டர் வால்யூம் ரிட்டர்னுக்கு முன்னாலேயே இருக்கும். அப்போது ஆம்பின் குமிழ் எதுவும் சத்தத்தைக் கட்டுப்படுத்தாது. மாடலரின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துச் செருகி, பிறகு மெதுவாக ஏற்றுங்கள்.

நடுவிலும் சில உண்டு. லைன் 6 பவர்கேப் 112-இல் ஒரு பொத்தானில் முழு அலைவரிசை, இன்னொன்றில் கிட்டார் ஸ்பீக்கர் குணம் என்று மாற்றிக்கொள்ளலாம். செலஸ்டியன் எஃப்12-எக்ஸ்200 என்ற 12 அங்குல முழு அலைவரிசை ஸ்பீக்கரை, வீட்டில் கிடக்கும் பழைய கேபினெட் பெட்டியில் மாட்டி எஃப்ஆர்எஃப்ஆர் ஆக்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். கையில் காலிப் பெட்டி இருந்தால் அது நல்ல வழி.

எதை எடுப்பது? நல்ல கேபினெட் ஏற்கனவே வீட்டில் இல்லாத புதியவருக்கு நான் முதல் பாதையைத்தான் சொல்வேன். நம் ஊர் மெல்லிசை மேடையில் ஒரே பாட்டுக்குள் பல்லவிக்கு அக்கூஸ்டிக் ஸ்ட்ரம்மிங், சரணத்துக்குக் கோரஸ் போட்ட க்ளீன், நடுவில் ஒரு டிஸ்டார்ஷன் லீட் என்று மாற வேண்டியிருக்கும். அக்கூஸ்டிக் பேட்ச் 5,000 ஹெர்ட்ஸோடு நிற்கும் கிட்டார் ஸ்பீக்கரில் உயிரோடு கேட்காது. எஃப்ஆர்எஃப்ஆரில் மூன்றும் வரும். தேவாலயத்தில் வாசிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். எஃப்ஆர்எஃப்ஆர் தருவது மைக் வைத்துப் பதிவு செய்த கிட்டாரின் ஒலி. முட்டி உயரத்தில் ஒரு கேபினெட் நின்று, ஈ தந்தியைக் கையால் அடக்கி அடித்தால் கால்சட்டை அதிருமே, அந்த உணர்வு அதில் குறைவு. அந்த உணர்வுக்காகத்தான் வாசிக்கிறேன், ராக் மட்டும்தான் வாசிப்பேன் என்பவர் தயங்காமல் இரண்டாவது பாதைக்குப் போகலாம். அவர் இழப்பது, மாடலரில் இருக்கும் விதவிதமான கேபினெட்களை. எந்த ஆம்பைத் தேர்ந்தெடுத்தாலும் அவருக்கு ஒலிப்பது அந்த ஒரு ஸ்பீக்கர்தான்.

மூன்றாம் படி: வாட்ஸ் கணக்கு

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட்ஸ், பெரும்பாலும் ஒரு நொடிக்கும் குறைவாகத் தாங்கும் உச்ச அளவு. 8 அங்குல ஸ்பீக்கரிலும் 2,000 வாட்ஸ் என்று போட்டிருப்பார்கள், 12 அங்குலத்திலும் அதையே போட்டிருப்பார்கள். தொடர்ச்சியாக எவ்வளவு கொடுக்கும் என்ற எண்ணைத் தேடுங்கள்.

வாட்ஸைவிட முக்கியமானது ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பது அது. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். பத்து மடங்காக்கினால் 10 டெசிபல். காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம். 97 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட்ஸ் கொடுத்தால் 117 டெசிபல். 100 டெசிபல் ஸ்பீக்கருக்கு 50 வாட்ஸ் கொடுத்தாலே அதே 117. 100 வாட்ஸ் ஆம்பை விற்றுவிட்டு 150-க்குப் போவதால் காதுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

இன்னொரு வித்தியாசம். ட்யூப் (வால்வு) ஆம்ப் 50 வாட்ஸே டிரம்ஸைத் தாண்டும்; எல்லையைத் தொட்டால் அது உடைவதும் இனிமையாகவே இருக்கும். மாடலர் வைத்திருப்பவருக்கு உடையும் ஒலி மாடலருக்குள்ளேயே செய்து முடிந்துவிட்டது. பின்னால் வரும் பவர் ஆம்ப் கடைசி வரை சுத்தமாக நிற்க வேண்டும். டிரான்சிஸ்டர் ஆம்பும் கிளாஸ்-டி ஆம்பும் எல்லை தாண்டினால் ஒலி கடூரமாகிவிடும். ஆகவே டிரம்ஸோடு வாசிப்பவர் கொஞ்சம் தாராளமாகவே வாங்கலாம். 150, 200 வாட்ஸ் பவர் ஆம்பும் 12 அங்குல ஸ்பீக்கரும் என் அனுபவத்தில் போதுமானவை. எஃப்ஆர்எஃப்ஆரிலும் டிரம்ஸ் இருந்தால் 12 அங்குலம், இல்லாவிட்டால் 8 அல்லது 10. ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு 8 அங்குலம் பெரிய நிம்மதி. மேடையில் நம் காதுக்கு மட்டும் மானிட்டராக வைத்துக்கொண்டால் அதுவே போதும்.

நான்காம் படி: ஓம்ஸும் கேபிளும்

எஃப்ஆர்எஃப்ஆர் வாங்கியவர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம். பவர் ஆம்ப் பாதையில் போகிறவர்கள் நிதானமாகப் படியுங்கள். இங்கே தவறினால் பொருள் எரியும்.

பவர் ஆம்பின் பின்னால் குறைந்தபட்ச ஓம்ஸ் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) எழுதியிருக்கும். டிரான்சிஸ்டர், கிளாஸ்-டி ஆம்பில் அதற்குக் கீழே போகக் கூடாது. மேலே போனால் ஆபத்தில்லை, சத்தம் குறையும். பவர்ஸ்டேஜ் 170 தரும் 170 வாட்ஸ் 4 ஓம்ஸில்தான். 8 ஓம்ஸ் கேபினெட் மாட்டினால் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். கடையில் வாட்ஸ் சொல்லும்போது எத்தனை ஓம்ஸில் என்று கேளுங்கள். 8 ஓம்ஸ் கேபினெட் இரண்டை இணையாக மாட்டினால் மொத்தம் 4 ஓம்ஸ். 16 ஓம்ஸ் இரண்டு என்றால் 8. ட்யூப் பவர் ஆம்ப் என்றால் ஓம்ஸ் பொருந்தியே ஆக வேண்டும், ஸ்பீக்கர் மாட்டாமல் அதை ஆன் செய்யவே கூடாது. காம்போவின் ரிட்டர்னில் செருகுகிறவர்களும் அது ட்யூப் ஆம்ப் என்றால் இதை மனதில் வையுங்கள்.

ஸ்பீக்கர் தாங்கும் வாட்ஸ், ஆம்ப் தருவதைவிடக் கூடுதலாக இருக்கட்டும். விண்டேஜ் 30 ஒன்று தாங்குவது 60 வாட்ஸ். ஒரே ஒரு ஸ்பீக்கருள்ள கேபினெட்டில் 170 வாட்ஸ் ஆம்பை முழுக்கத் திருப்பாதீர்கள்.

பவர் ஆம்புக்கும் கேபினெட்டுக்கும் நடுவே ஸ்பீக்கர் கேபிள்தான் போட வேண்டும். இரண்டு முனையிலும் ஜாக் ஒரே மாதிரி இருப்பதால் கிட்டார் கேபிளைச் செருகிவிடத் தோன்றும். கிட்டார் கேபிளின் உள்கம்பி மெல்லியது, அவ்வளவு மின்சாரத்துக்குச் சூடாகிவிடும். அதேபோல, ஆம்பின் 'ஸ்பீக்கர் அவுட்' என்ற இடத்திலிருந்து மாடலருக்கோ, பவர்டு ஸ்பீக்கருக்கோ, மிக்சருக்கோ கேபிள் போகவே கூடாது.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வாங்கிவரும் பவர் ஆம்ப், பவர்டு ஸ்பீக்கர்களில் பின்னால் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 120 வோல்ட் மட்டும் என்றால் நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகக் கூடாது.

ஐந்தாம் படி: இணைப்பு

பவர்டு ஸ்பீக்கரில் மைக், லைன் என்று ஸ்விட்ச் இருந்தால் லைனில் வையுங்கள். 'பாஸ் பூஸ்ட்', 'வோக்கல்', 'மியூசிக்' என்று முன்கூட்டியே அமைத்த ஒலி வகைகள் இருந்தால் எல்லாவற்றையும் அணைத்து 'ஃப்ளாட்'டில் வையுங்கள். ஸ்பீக்கரின் குமிழைப் பாதியில் நிறுத்தி, மாடலரின் வால்யூமால் சத்தத்தைக் கூட்டுங்கள். தூரம் அதிகமென்றால் எக்ஸ்எல்ஆர் (மைக்குக்குப் போடும் மூன்று பின்) கேபிள் பயன்படுத்தினால் இரைச்சல் சேராது.

மிக்சருக்கு எக்ஸ்எல்ஆரில் போகும்போது அந்தச் சேனலில் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (சில மைக்குகளுக்காக மிக்சர் அனுப்பும் மின்சாரம்) அணைந்திருக்கிறதா என்று சவுண்ட்காரரிடம் கேட்டுவிட்டுச் செருகுங்கள். பழைய மிக்சர்களில் எல்லாச் சேனலுக்கும் சேர்த்து ஒரே பொத்தான் இருக்கும். அப்படியானால் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (கருவியை மிக்சரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) போடச் சொல்லுங்கள். ஹம் வந்தால் டிஐயில் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் இருக்கும், அதைத் தட்டுங்கள்.

ஹம் போவதற்காக பிளக்கின் எர்த் பின்னை உடைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு திருமண வரவேற்பில் ஜெனரேட்டர் லைனில் எர்த் சரியாக இல்லாமல், கிட்டார் தந்தியைப் பிடித்தபடி மைக் பக்கம் சாய்ந்தபோது எனக்கு உதட்டில் ஷாக் அடித்தது. அன்றிலிருந்து செருகுவதற்கு முன் சாக்கெட் டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் நான் வாசிப்பதில்லை. விலை குறைந்த பொருள், கிட்டார் பையிலேயே இருக்கட்டும்.

ஆறாம் படி: வாசிக்கிற சத்தத்தில் டோனைச் சரிசெய்யுங்கள்

நல்ல பொருள் வாங்கியும் திருப்தி இல்லாமல் விற்றுவிடுகிறவர்கள், பெரும்பாலும் இந்தப் படியைச் செய்யாதவர்கள்.

நம் காது, மெல்லிய சத்தத்தில் பாஸையும் உச்ச ஒலியையும் குறைவாகக் கேட்கும். சத்தம் கூடக்கூட அவை இரண்டும் மேலேறிவரும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். இரவில் மெல்ல வைத்து உருவாக்கிய பேட்ச், மேடையில் அடியில் குமுறுவதும் மேலே காதைக் கிழிப்பதும் இதனால்தான். மாடலரிலோ ஸ்பீக்கரிலோ குறை இல்லை.

ஒத்திகை அறையில் அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். ஸ்பீக்கரைத் தரையில் சாய்த்தோ ஸ்டாண்டில் ஏற்றியோ, இரண்டு மீட்டர் தள்ளி, ஹார்ன் (உச்ச ஒலி வரும் வாய்) உங்கள் காதைப் பார்க்கிற மாதிரி வையுங்கள். சுவர் மூலையில் வைத்தால் பாஸ் வீங்கும். அரை மீட்டர் இழுத்தாலே வித்தியாசம் தெரியும். டிரம்மர் வாசிக்கும்போது சமமாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமை ஏற்றிக்கொள்ளுங்கள். இப்போது மாடலரில் க்ளோபல் ஈக்யூவைத் திறங்கள். பேட்ச் ஒவ்வொன்றையும் தொடாமல், மொத்தத்தையும் ஒரே இடத்தில் திருத்தலாம்.

முதலில் லோ கட், அதாவது குறிப்பிட்ட அளவுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டுவது. கிட்டாரின் தடித்த ஈ தந்தி 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே வருவது பெரும்பாலும் உள்ளங்கை தட்டுவதும் அறையின் குமுறலும்தான். 80-இல் தொடங்கி, பாஸ் கிட்டார் தெளிவாகப் பிரிந்து கேட்கும் வரை மேலே நகர்த்துங்கள். எங்கள் அறையில் 100-க்குப் பக்கத்தில் நின்றது. அடுத்து ஹை கட், அதற்கு நேர்மாறாக மேலுள்ளதை வெட்டுவது. டிஸ்டார்ஷன் பேட்ச் ஒன்றில் ஒரு பவர் கார்டை அடித்து நிற்கவிட்டு, 12,000-இலிருந்து மெதுவாகக் கீழே இறக்குங்கள். 9,000 வரை மாற்றமே தெரியாத மாதிரி இருக்கும். 8,000, 7,000 என்று வரும்போது, நோட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருந்த மணல் உதிர்வது காதுக்குத் தெரியும். இன்னும் இறக்கினால் பிக் படும் சத்தமும் சேர்ந்து மறையத் தொடங்கும். அந்த இடத்திலிருந்து கொஞ்சம் மேலே ஏற்றி நிறுத்துங்கள். அக்கூஸ்டிக் பேட்ச் வைத்திருப்பவர்கள் ஹை கட்டை மட்டும் க்ளோபலில் செய்யாமல், டிஸ்டார்ஷன் பேட்ச்களின் கேப் பிளாக்குக்குள்ளேயே செய்யுங்கள்.

கடைசியாக, தனியாக வாசித்து முடிவு செய்யாதீர்கள். எல்லோரும் வாசிக்கும்போது கேளுங்கள். தனியாகக் கேட்கையில் கொஞ்சம் மெலிந்ததாகத் தோன்றும் டோன்தான் கூட்டத்தில் துலங்கி நிற்கும்.

மேடையில் இரண்டு வழி அனுப்புவது

நம் ஊர் மண்டபங்களில் சவுண்ட்காரர் கிட்டாரை லைனில்தான் கேட்பார். அவருக்குப் போவதில் கேப் பிளாக் கட்டாயம் இருக்க வேண்டும். மேடையில் நீங்கள் கிட்டார் கேபினெட் வைத்திருந்தால் அதற்குப் போவதில் இருக்கக் கூடாது. ஒரே மாடலரிலிருந்து இரண்டையும் அனுப்பலாம். ஹெச்எக்ஸ் ஸ்டாம்பில் கேப் பிளாக்குக்கு முன்னால் ஒலியைத் தனியாக வெளியே அனுப்பும் செண்ட் பிளாக் ஒன்று போட்டு, செண்ட் ஜாக்கிலிருந்து மேடை ஆம்பின் ரிட்டர்னுக்கு. மெயின் அவுட்டிலிருந்து மிக்சருக்கு. கெம்ப்பர் மாடலரில் மானிட்டர் அவுட்டுக்கு மட்டும் கேபினெட்டை அணைக்க ஓர் அமைப்பு உண்டு.

மேடை மானிட்டர் நன்றாகக் கிடைக்கும் இடங்களில் சொந்த ஸ்பீக்கரே தேவைப்படாமலும் போகலாம். பாடகரோடு ஒரே மானிட்டரைப் பங்கிட வேண்டி வந்தால்தான் சிக்கல். அவருக்குக் கிட்டார் அதிகம், உங்களுக்குக் குறைவு. அதற்காகவே 8 அங்குல எஃப்ஆர்எஃப்ஆர் ஒன்றைக் காலடியில் வைத்துக்கொள்வது நல்லது.

கடையில்

உங்கள் கிட்டாரையும் மாடலரையும் எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் இருக்கும் வேறு மாடலரில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். மூன்று பேட்ச் போதும்: அக்கூஸ்டிக், க்ளீன், டிஸ்டார்ஷன். எதிரே நின்று கேட்டபின் இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து கேளுங்கள். ஒலி சட்டென்று மங்கினால் மேடையில் நடமாட முடியாது. வாசிக்காமல் வால்யூமை ஏற்றி, விசிறிச் சத்தமும் இரைச்சலும் எவ்வளவு என்று கவனியுங்கள். பிறகு பெட்டியைக் கைப்பிடியில் தூக்கி ஒரு மாடிப்படி ஏறிப் பாருங்கள்.

அந்தத் தம்பி அதன்பின் மூன்று மாதம் எதுவும் வாங்கவில்லை. ஒத்திகை அறையில் காம்போவின் ரிட்டர்ன், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நேராக மிக்சர். ஒவ்வொரு பேட்சையும் இரண்டு பிரதியாக வைத்திருக்கிறான்: 'ரூம்' என்று பெயரிட்டதில் கேப் ஆஃப், 'சர்ச்' என்று பெயரிட்டதில் கேப் ஆன். போன வாரம் கேட்டபோது, 12 அங்குல எஃப்ஆர்எஃப்ஆருக்குப் பணம் சேர்க்கிறானாம். "பாதிப் பணம் வந்துருச்சுண்ணா, கடைக்கு நீங்களும் வரணும்" என்றான். போகப்போகிறோம், மாடலரோடு.